பின்துணைக்கு உட்கார்ந்தவள்

ஆகஸ்ட் மாதக் கியோத்தோவில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கே தெம்பு வேண்டும். அந்தப் புழுக்கத்தில் இருபத்தொரு நாள், காலை ஏழு மணிக்கெல்லாம் வெள்ளைக் காலுறையை மாட்டிக்கொண்டு, குதிகால் தரையைவிட்டு எழாமல் மரமேடையில் இழைந்து இழைந்து நடப்பதற்கென்று ஆறு பேர் வந்திருந்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தாங்களாகவே வந்தவர்கள். ஆறு பேரில் இளையவருக்கே நாற்பத்தொன்பது வயது. கூடத்தில் ஏசி இருந்தது. தொண்டை கட்டிக்கொள்ளும் என்று குராஹாஷி அதைப் போடவே விடமாட்டார்.

குராஹாஷிதான் அவர்களுக்கு ஜப்பானின் பழைய ஆட்டமும் பாட்டும் சேர்ந்த நோ நாடகம் பழக்குகிறவர். வயது முப்பத்தெட்டு. தன்னைவிடப் பத்து இருபது வயது மூத்தவர்களை நாள் முழுக்கத் திட்டுவதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. மருந்துக்கடை வைத்திருக்கும் ஒகினோ அம்மாள் பேச்சை நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும் என்று நம்புகிறவர். அந்த அம்மாளையே மூன்றாம் நாள் ஒரு முறைப்பில் வாயடைக்க வைத்துவிட்டார் மனிதர். அந்த ஆறு பேரில் ஒருத்தியான கினுகோ அன்று மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். அந்த மூன்று வாரத்தில் அவள் சிரித்தது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

கினுகோ தன் கணவர் யசுஹிகோவோடு ஓட்சு நகரத்திலிருந்து வந்திருந்தாள். அவள் ஆசைப்பட்டு வரவில்லை. கல்லூரியில் படித்தபோது இரண்டு பேரும் ஒரே நோ குழுவில் இருந்தவர்கள். கல்யாணமானதும் அவள் அதை விட்டுவிட்டாள். அவர் மட்டும் குளிக்கும்போது, ஏரிக்கரையில் நடக்கும்போது என்று பழைய வரிகளைப் பாடிக்கொண்டே இருப்பார். நகராட்சியின் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்தவர். ஓட்சுவில் எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியிருந்தார். பிப்ரவரியில் ஒருநாள் அந்த மனிதர் தன் வீட்டுத் தெருமுனையில் நின்றுகொண்டு, "கினு, நம்ம வீடு எந்தப் பக்கம்?" என்று போனில் கேட்டார். ஏப்ரலில் டாக்டர் அந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். இனிமேல் ஞாபகம் குறைந்துகொண்டேதான் போகும், திரும்பி வராது என்றும் சொன்னார்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று யசுஹிகோ அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகளிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு ஜூனில் ஒருநாள் இந்தக் கோடைப் பயிற்சியின் தாளை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். இருபத்திரண்டு நிமிடம் வருகிற ஒரு புது நாடகப் பகுதியை மனப்பாடம் செய்து மேடையில் ஆட வேண்டும். "புதுசா ஒண்ணு உள்ள போச்சுன்னா, இன்னும் இடம் இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். குழாய்க்காரர் போடுகிற கணக்கு அது. அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் கினுகோவும் கையெழுத்துப் போட்டாள்.

குராஹாஷி வீட்டில் தலைமுறையாக ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஆடும்போது இன்னொருவர் பின்பலகையை ஒட்டி, பைன் மரம் வரைந்திருக்கும் இடத்துக்குக் கீழே, இடது ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்தான் பின்துணை. ஆடுகிறவருக்கு வரி மறந்தால் பின்னாலிருந்து தணிந்த குரலில் எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. ஆடுகிறவரால் தொடரவே முடியாமல் போனால், பின்துணை எழுந்துவந்து விட்ட இடத்திலிருந்து தானே ஆடி முடிக்க வேண்டும். ஆடியவர் வலது ஓரத்தில் இருக்கும் சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியே போய்விடுவார். நாடகம் மட்டும் நிற்கக் கூடாது. மேடையிலேயே உயிர்விட்டவரை அந்தக் கதவு வழியாக எடுத்துப்போய்விட்டு, மிச்சத்தை ஆடி முடித்த கதையெல்லாம் இந்தத் தொழிலில் இருக்கிறது. அதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள்.

ஆகவே பின்துணைக்கு உட்காருகிறவருக்கு ஆடுகிறவரின் பாடம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். யசுஹிகோவுக்குப் பின்துணை கினுகோ. அவருக்குக் கிடைத்தது கரி சுடுகிறவன் ஒருவனின் ஆவி மலைக் குடிசைக்குத் திரும்பிவந்து, தான் அணைத்துவிட்டுப் போன அடுப்பைத் தேடுகிற பகுதி. ஐந்தாம் நாளே அது கினுகோவுக்கு முழுசாக வந்துவிட்டது. அவள் ஒன்றும் சிரமப்படவில்லை. அறையில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, சோற்றுக்கு ஊறுகாய் எடுத்துவைத்துக்கொண்டே கேட்டவளுக்கு அது தானாக ஒட்டிக்கொண்டது. அவருக்குத்தான் ஒட்டவில்லை. இரவில் பத்து வரி சொல்லிவிட்டுப் படுப்பார், காலையில் நாலு வரி இருக்கும். மறுநாள் காலையில் அந்த நாலும் வேறு நாலாக இருக்கும்.

தனக்கு வந்துவிட்டது என்பதை அவள் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. அவர் தடுமாறும்போது தானும் யோசிப்பதுபோல் பாவனை செய்வாள். அப்படிப் பாவனை செய்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அவர்மேல் கோபம் வரும். நோயாளிமேல் என்ன கோபம் என்று தன்மேலும் கோபம் வரும். ஒருநாள் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வெளியே வந்தபோது அவர் நல்ல உற்சாகத்தில், தான் இன்றைக்கு ஒரு வரிகூடத் தடுமாறாமல் சொன்னதாகச் சொன்னார். யாரிடம் சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து புத்தகத்தைத் திறக்கவே கூடாது என்பது குராஹாஷியின் சட்டம். அதற்கு மேல் ஒரு பொல்லாத சங்கதியும் அந்தப் பாடத்தில் இருந்தது. இந்தப் பழைய நாடகங்களில் ஒன்றில் வருகிற வரி இன்னொன்றிலும் வரும். ஆவிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வழியாகத்தானே வர வேண்டியிருக்கிறது. "பனி விழுந்த பாதையிலே" என்ற வரி கரி சுடுகிறவனுக்கும் உண்டு, போரில் செத்த ஒரு வீரனுக்கும் உண்டு. ரயில் தடம் பிரிகிற இடம் மாதிரி அது. கொஞ்சம் கவனம் பிசகினால் வாய் தானாக மற்ற நாடகத்துக்குப் போய்விடும். நோ பழகுகிற எல்லாருக்கும் உள்ளூர இந்தப் பயம் உண்டு. அந்த வீரனைத்தான் யசுஹிகோ கல்லூரி மூன்றாம் வருடத்தில் ஆடினார். முப்பத்தைந்து வருடமாகக் குளியலறையில் பாடிவந்ததும் அவனைத்தான். நேற்றுப் படித்ததை அழித்துவிடுகிற அந்த நோய், அவனை மட்டும் தொடவே இல்லை.

எல்லாரும் மேடையில் ஒன்றாகச் சேர்ந்து ஒத்திகை பார்ப்பது ஒரே ஒரு தடவைதான். நிகழ்ச்சிக்கு முதல் நாள், அதுவும் ஒரே ஓட்டம். திரும்பப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. அன்று யசுஹிகோ பாதி வரைக்கும் நன்றாகவே வந்தார். "பனி விழுந்த பாதையிலே" என்றதும் குரல் லேசாக வேறு சுதிக்குப் போவதைக் கினுகோ கேட்டாள். வீரன் வாளை உருவப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வரியைச் சட்டென்று எடுத்துக்கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் மூன்று இடத்தில் எடுத்துக்கொடுத்தாள். முடிந்ததும் குராஹாஷி யசுஹிகோவை விளாசித் தள்ளிவிட்டு, அவளைப் பார்த்து, "பின்துணை நல்லா இருக்கு" என்றார். மூன்று வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். அதைக் கேட்டுக் கினுகோ கொஞ்சம் சந்தோஷப்பட்டுவிட்டாள். அதற்காகப் பின்னால் எத்தனையோ நாள் வெட்கப்பட்டாள்.

அன்று சாயங்காலம் ஆற்றங்கரை வழியாக அறைக்கு நடந்தார்கள். தண்ணீர் வற்றிப்போய்க் கல்லெல்லாம் தெரிந்தது.  பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் யசுஹிகோ நின்றார்.

"நாளைக்கு எனக்கு எதையும் எடுத்துக்கொடுக்காதே."

"என்னங்க இது? அதுக்குத்தானே அங்க உக்கார்றேன்."

"சாவி இங்க இருக்கு, கண்ணாடி இங்க இருக்கு, மாத்திரை போட்டாச்சு, இன்னும் போடல. காலைலேருந்து ராத்திரி வரைக்கும் உன் குரல் பின்னாலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கு. உன்னைக் குத்தம் சொல்லல. மேடையிலயாவது அது கேக்காம இருக்கட்டும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் நின்னுட்டா நின்னுட்டுப் போறேன். அது என் பாடு. நீ எழுந்து வந்தேன்னா, அப்புறம் நான் ஒருத்தன் இருக்கேன்னே அர்த்தம் இல்லை. எழுந்திருக்க மாட்டேன்னு சொல்லு."

குராஹாஷிக்கு என்ன பதில் சொல்வது என்று அவள் கேட்டாள். குராஹாஷியா உன்னைக் கட்டிக்கொண்டது என்று அவர் கேட்டார். அவர் முகத்தில் அப்போது பழைய யசுஹிகோ முழுசாக இருந்தார், சொன்னால் சொன்னதுதான் என்கிற அந்தப் பிடிவாதத்தோடு. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு புருஷன் தன்னிடம் ஒன்றைக் கேட்கிறார் என்று கினுகோவுக்கு இருந்தது. ஏப்ரலிலிருந்து அவரை ஒரு சாமானைப் பார்த்துக்கொள்கிற மாதிரிதானே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவையாவது ஆளாக மதிக்க வேண்டாமா?

"எழுந்திருக்க மாட்டேங்க" என்றாள். "வாயும் திறக்க மாட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அறைக்குப் போய் இருவரும் குளிர்ந்த சேமியா சாப்பிட்டார்கள். அவர் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

நிகழ்ச்சி பகல் பதினோரு மணிக்கு. ஆறு பேருடைய வீட்டு ஆட்களும் அக்கம்பக்கத்தாருமாக நாற்பது பேர் வந்திருந்தார்கள். விசிறிச் சத்தம்தான் கூடம் முழுக்க. யசுஹிகோவின் முறை நாலாவது. வேஷமும் முகமூடியும் கிடையாது. குடும்பச் சின்னம் போட்ட கறுப்பு உடையும் கையில் ஒரு விசிறியும்தான். முகமூடி இல்லாவிட்டாலும் முகம் அசையக் கூடாது. அவர் முகம் எப்படி இருந்தது என்று கினுகோவுக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்தவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பின்கழுத்தும், போன வாரம் அவளே ஒழுங்காக வெட்டிவிட்ட முடியும்தான்.

அவர் தொடங்கினார். குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. வலது ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஐந்து பின்பாட்டுக்காரர்களும் அந்தக் குரலுக்குத் தோதாக ஏறி இறங்கிப் பாடினார்கள். அவர்களுக்குத் தலைமை குராஹாஷி. ஒவ்வொரு வரியாகக் கடந்துபோகும்போது கினுகோ உள்ளுக்குள் ஒவ்வொரு கல்லாக இறக்கிவைத்தாள். பத்து நிமிடம் போனது. பதினொன்று. அவர் சொன்னதுதான் சரி, இன்னும் இடம் இருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

"பனி விழுந்த பாதையிலே" என்றார் யசுஹிகோ. உடனே முதுகு நிமிர்ந்தது. கால் அகன்றது. கரி சுடுகிற கிழவன் போய், இருபத்திரண்டு வயது வீரன் வந்துவிட்டான். கம்பீரமாகவே வந்தான். விசிறி வாளாகி மேலே போனது. பின்பாட்டுக்காரர்கள் திகைத்துப்போனார்கள். குராஹாஷி மட்டும் விடாமல் கரி சுடுகிறவனின் வரியை ஓங்கிப் பாடி அவரை இழுத்துவரப் பார்த்தார். இரண்டு நாடகமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கொஞ்ச தூரம் போயின. அப்புறம் யசுஹிகோ நின்றுவிட்டார். விசிறி பாதித் தூரத்தில் அப்படியே இருந்தது.

பின்பாட்டும் நின்றது. அடுத்த வரி கினுகோவின் நாக்கு நுனியில் இருந்தது. மூன்றே வார்த்தை. வெளியே மரத்தில் சில்வண்டுகள் கத்துவது தவிர ஒரு சத்தமும் இல்லை. அவள் இரண்டு கையையும் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, பத்து மூச்சு. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மேடையில் தலையைத் திருப்பவே கூடாது என்று மூன்று வாரம் கத்திய குராஹாஷி, தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் புருஷனின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வை அந்தக் கழுத்தில் கோடாக இறங்கிக் காலருக்குள் போனது.

அப்போது யசுஹிகோவின் முகவாய் கொஞ்சம் அசைந்தது. பின்பக்கமாக, அவள் இருக்கும் பக்கமாக, கால்வாசி திரும்பியது. வராதே என்று ஞாபகப்படுத்துகிறார் என்று கினுகோ எடுத்துக்கொண்டாள். வரமாட்டேங்க, இருங்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். எழுந்துவிடத் துடித்த முழங்காலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஐம்பத்தாறு வருட வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் எதையும் செய்ததில்லை.

கடைசியில் குராஹாஷியே எழுந்தார். பின்பாட்டு வரிசையை விட்டு வந்து, யசுஹிகோவின் முழங்கையை ஒரு விரலால் தொட்டு, சின்னக் கதவின் பக்கம் திருப்பிவிட்டார். திரும்பின வேகத்திலேயே விட்ட வரியைப் பிடித்து ஆடத் தொடங்கினார். யசுஹிகோ குனிந்து கதவு வழியாக வெளியே போனார். பின்துணை நாடகம் முடிகிற வரையில் இடத்தைவிட்டு எழக் கூடாது. ஆகவே கினுகோ மீதிப் பத்து நிமிடமும் பைன் மரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நாற்பது பேரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

அவள் உடைமாற்றும் அறைக்குப் போனபோது யசுஹிகோ பாயில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒகினோ அம்மாள் அவருக்குப் பார்லித் தண்ணீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு, கினுகோ வந்ததும் பேச்சில்லாமல் மூலைக்குப் போய்விட்டார். கினுகோ அவர் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். நன்றி என்று சொல்வார், அல்லது ஒன்றும் சொல்லாமல் கையைத் தொடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நிமிர்ந்தார். கோபம் இல்லை. அடிபட்ட முகமாக இருந்தது.

"நீ ஏன் எழுந்திருக்கல, கினு?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"நான் திரும்பி உன்னைப் பாத்தேன். உன்னைத்தான் தேடினேன். நீ சும்மா உக்காந்திருந்த. அத்தனை பேர் முன்னாடி என்னை அப்படியே விட்டுட்டியே."

நீங்கள்தானே வேண்டாமென்றீர்கள் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பாலம், ஆறு, சத்தியம் எல்லாம் வந்துவிட்டன. சொன்னால் என்ன ஆகும்? நேற்றுச் சாயங்காலத்தை அவர் தன் ஞாபகத்துக்குள் போய்த் தேடுவார். அது அங்கே இருக்காது. இல்லை என்பதை அவள் கண்ணெதிரில் கண்டுபிடிப்பார். அந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியாது என்று தோன்றியது.

"எனக்கு வரி மறந்துபோச்சுங்க" என்றாள்.

 யசுஹிகோவின் முகத்திலிருந்த வலி மெல்ல இறங்கி, அந்த இடத்தில் வேறொன்று வந்தது. அவள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். ஏப்ரலிலிருந்து கண்ணாடியில் தன் முகத்தில் பார்த்துவருகிற இரக்கம்தான் அது. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"கொஞ்ச நாளாத்தான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அதற்குள் குராஹாஷி உள்ளே வந்தார். வியர்வையைத் துடைக்கக்கூட இல்லை. யசுஹிகோவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆடுகிறவனுக்குத் தடம் மாறுவது நடக்கிற காரியம், தனக்கே நடந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். பிறகு கினுகோவின் பக்கம் திரும்பினார். பின்துணை என்பது வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை என்றார். நேற்று அத்தனை நன்றாகச் செய்தவர் இன்று ஒரு மனிதரை நடு மேடையில் கைவிட்டுவிட்டார், தன் தகப்பனார் காலத்திலிருந்து இந்த மேடையில் அப்படி நடந்ததில்லை என்றார். இனி அவளை இந்த மேடையில் ஏற்ற முடியாது என்றும் சொன்னார். மூலையில் ஒகினோ அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

கினுகோ தரையில் கையூன்றி வணங்கினாள். பக்கத்தில் யசுஹிகோவும் எழுந்துவந்து, அவளுக்கு முன்னால் நின்று, வேலையில் இருந்த காலத்தில் மேலதிகாரிகளுக்குச் செய்கிற மாதிரி முறையாக இடுப்பை வளைத்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். இவளுக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியா இல்லை. தப்பு என்னோடதுதான், நான் கவனிச்சிருக்கணும்."

குராஹாஷியின் முகம் மாறிவிட்டது. தெரியாமல் பேசிவிட்டேன் என்று முணுமுணுத்து அவரும் குனிந்தார். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் குனிந்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

வெளியே வெயில் கொளுத்தியது. யசுஹிகோ இரண்டு பையையும் தானே தோளில் மாட்டிக்கொண்டு, அவளை ஒன்றும் தூக்க விடவில்லை. திங்கட்கிழமையே டாக்டரிடம் காட்டிவிடலாம், தனக்கு ஒரு நல்ல டாக்டரைத் தெரியும் என்றார். மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், அவள் பயப்படுவாள் என்றும் சொன்னார். வாசலைத் தாண்டியதும் கினுகோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் யோசிக்காதே. நான் இருக்கேன்ல" என்றார்.

ரயில் நிலையம் வலது பக்கம் இருந்தது. அவர் அவளை இடது பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கினுகோ வாய் திறக்காமல் கூடவே நடந்தாள்.